இருபதாயிரம் லிட்டர் தீட்டு

தியாகதுருகத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை நீலமாய்த் தெரிகிற பக்கம், ஊர்ப் பண்ணைக்காரர் ராஜாங்கத்தின் நாற்பது ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு சோலார் கம்பெனி வந்திருந்தது. கரும்பு நின்ற மண்ணில் இப்போது கண்ணாடிப் பிளேட்டுகள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்து படுத்து வெயில் காய்ந்தன. அந்தப் பிளேட்டுகளுக்கு நடந்த உபசாரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் புது மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு குளியல். குளிக்கப் போர்த் தண்ணீர் ஆகாது. அதில் உப்பு ஜாஸ்தி. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாய்ப் படிந்துவிடும், வெயில் உள்ளே இறங்காது, கரண்டு குறையும். அதனால் போர்த் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு, உப்பையெல்லாம் பிழிந்தெடுத்து, இருபதாயிரம் லிட்டர் தொட்டியில் நிரப்பி, பேனா மாதிரி இருக்கும் ஒரு உப்பு மீட்டரை அதில் முக்கிப் பார்த்து, எண் ஐம்பதுக்குக் கீழே காட்டினால்தான் பிளேட்டுக்கு அபிஷேகம்.

கழுவுகிற ஆட்களுக்குப் பழனி மேஸ்திரி. கம்பெனி வேலியை ஒட்டியிருந்த காலனியிலிருந்து அவனையும் சேர்த்து ஒன்பது பேர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனவன், மனைவி ரங்கம்மாள் பிடித்து வைத்திருந்த குடத்தில் அதை முக்கினான். ஆயிரத்து எண்ணூற்றி அறுபது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து உதறிவிட்டு மறுபடியும் முக்கினான். எண் அசையவில்லை.

ரங்கம்மாளுக்கு இரண்டு வருஷமாகக் கிட்னியில் கல். மாசத்தில் நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். கள்ளக்குறிச்சி டாக்டர் நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். அந்த நல்ல தண்ணீர் எந்தக் குழாயில் வரும் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு ரங்கம்மாள் ஒன்றுதான் கேட்டாள்.

"கண்ணாடிக்கே ஆவாதா இது?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பழனி நாலு மாசம் நடந்தான். கம்பெனி மேனேஜர் இளஞ்செழியன் விழுப்புரத்துக்காரர்; சமத்துவம் பேசுவதற்கென்றே செய்தாற்போல் ஒரு நல்ல குரல் அவருக்கு. அந்தக் குரலிலேயே முதல் மாசம் மேலிடத்தில் கேட்கிறேன் என்றார். இரண்டாம் மாசம் கேட்டிருக்கிறேன் என்றார். மூன்றாம் மாசம் கேட்டால் கோபப்படுகிறார்கள் என்றார். பழனி சளைக்காமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நின்று, நின்று, கடைசியில் கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வாங்கிவிட்டான். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. குழாய் வந்து எட்டு மாசத்தில் ரங்கம்மாள் ஒரு நாளும் சுருண்டு படுக்கவில்லை. அந்த அரை இஞ்சுக் குழாயைப் பழனி வேறு யாரிடமும் ஒப்படைக்காமல், தானே திருகி, தானே மூடினான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தை மாசம் வந்தது. கொரோனா மாஸ்க்கு எல்லார் தாடையிலும் தொங்கிக்கொண்டிருந்த காலம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். ஊர்ப் பையன்கள் கட்டுக் கட்டாய் மனு எழுதி ஆபீஸ் ஆபீஸாகக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் போராட்டத்துக்கு ராஜாங்கம் தலைவர். படித்த பிள்ளைகளுக்குச் சதவீதம் இல்லாமல் போவது அநியாயம் என்று அவர் மைக்கில் பேசியதைப் பழனி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். பேச்சில் அவனுக்குக் குறை தெரியவில்லை. இவ்வளவு நியாயம் தெரிந்த மனுஷர் கூலி கேட்டுப் போகும்போது மட்டும் ஏன் காது கேளாதவராகிவிடுகிறார் என்பதுதான் புரியவில்லை.

மாட்டுப் பொங்கல் முடிந்ததும் யாரோ சாலையில் நாலு புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது. பஸ்ஸோடு கேன் தண்ணீர் வண்டியும் நின்றது. ஊர் ஆடிப்போனது இதில்தான். ஊரில் வசதியுள்ள வீடெல்லாம் கேன் தண்ணீருக்கு நாக்கைப் பழக்கி வருஷக்கணக்காகிறது. பழையபடி போர்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்றால் வாய் ஒப்பவில்லை. உப்பு ஒன்றுதான் அங்கே ஊர், காலனி என்று பார்க்காமல் பூமிக்கு அடியில் ஒரே மாதிரி பரவியிருந்தது.

நாலாம் நாள் ராஜாங்கம் நேரே இளஞ்செழியனிடம் வந்து, பிளேட்டுத் தண்ணீரில் ஊருக்கு ஒரு லைன் வேண்டும் என்றார். இளஞ்செழியன் எழுந்து நின்றே சரி என்றார். பழனிக்கு நாலு மாசம் ஆன காரியம் ராஜாங்கத்துக்கு நாலு நிமிஷம். மத்தியானத்துக்குள் குழாய் பதித்தாகிவிட்டது. பதித்ததும் பழனியின் ஆட்கள்தான். தண்ணீர் பிடிக்க ஊர் கேனோடு வந்து நின்ற நேரத்தில், ராஜாங்கம் தொட்டியை அண்ணாந்து பார்த்து, இதை யார் உள்ளே இறங்கித் தேய்ப்பது என்று கேட்டார்.

யார் தேய்ப்பார்கள்? மாசத்துக்கு ஒருமுறை பழனி ஆட்கள் இறங்கி, சுவரைத் தேய்த்து, குளித்தது போல் நனைந்து வெளியே வருவார்கள். இளஞ்செழியன் அதை வெகு பெருமையாகச் சொன்னார், சுத்தத்தில் கம்பெனி எவ்வளவு கண்டிப்பு என்று காட்டுவதற்காக. கேனெல்லாம் காலியாகவே திரும்பிப் போயின.

ஊருக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. குடிக்கவும் முடியாது, விடவும் மனசில்லை. அம்மன் கோயில் பூசாரி சின்னதுரை வழி கண்டுபிடித்தார். வீட்டில் தீட்டு என்றால் மஞ்சளும் கோமியமும் தெளித்துக் கழிக்கிறோம். தொட்டிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? அளவில்தான் சந்தேகம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சொம்பு போதும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு கரண்டி போதும். அப்படியானால் இருபதாயிரம் லிட்டருக்கு? பூசாரி விரல் விட்டு எண்ணினார். கணக்கு தெரிந்த பையன் ஒருவன் செல்போனில் போட்டுக் காட்டினான். தீட்டுக் கழிப்பதில் கஞ்சத்தனம் ஆகாது என்று முடிவானது. பொங்கலுக்கு நன்றாகத் தின்று கொழுத்த மாடுகள் இருந்த பன்னிரண்டு வீட்டிலிருந்து ஆறு பிளாஸ்டிக் குடம் நிறையக் கோமியம் வந்தது. அதோடு இரண்டு கிலோ மஞ்சள் தூள், விபூதி, ஒரு சொம்பு பால், வேப்பிலை. அன்று சாயங்காலம், பழனி குழாயை மூடிவிட்டு வீடு திரும்பி, இளஞ்செழியனும் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு கிளம்பிப் போனபின், ராஜாங்கம் முன்னே நிற்க, பூசாரி ஏணியில் ஏறி எல்லாவற்றையும் தொட்டி வாயில் ஊற்றினார். நிலம் ராஜாங்கத்துடையது, அவரை எப்படித் தடுப்பது என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

பழனிக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் பிளேட்டுகளுக்குக் குளியல் நாள். சூடேறின கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் விடியுமுன்பே ஆரம்பித்துவிடுவார்கள். இருட்டு பிரியாத நேரம், ஹோஸைத் திறந்தார்கள், நீளக் கழி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போனார்கள். மீட்டரை முக்க வேண்டியது பழனி வேலைதான். ஒரு வருஷமாய் ஒரே எண்ணைக் காட்டிய மீட்டரை அன்று ஒரு நாள் அவன் எடுக்காமல் விட்டான்.

நாலாவது வரிசையில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். பக்கத்தில் மாடு கட்டியிருக்கிறார்களா என்றான். ஆறாவது வரிசையில் காற்று திரும்பியது. பழனி கையை மோந்து பார்த்தான். பிறகு சட்டையை. பிறகு முகத்தில் தெறித்ததை உதட்டால் வழித்தது நினைவுக்கு வந்து, பிளேட்டுக்கு அடியில் குனிந்து வாந்தி எடுத்தான்.

வெயில் ஏறியதும் கண்ராவி தெளிவாய்த் தெரிந்தது. பதினோரு வரிசை, மேலிருந்து கீழே மஞ்சள் மஞ்சளாய்க் கோடு இறங்கியிருந்தது. காயக் காய அது பிசினாய் இறுகியது. எங்கிருந்துதான் வந்ததோ, ஈ அப்பியது. ஒரு பிளேட்டைத் தட்டினால் கறுப்புத் துணியை உதறினது போல் எழும்பி அடுத்த பிளேட்டில் உட்கார்ந்தது. தொட்டி மூடியைத் திறந்தால் வேப்பிலையும் பால் திரிந்த கட்டியும் மிதந்தன. ஏணி அடியில் கற்பூரம் எரிந்த கறை.

வாட்ச்மேன் அம்மாசி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவன். ஊருக்கும் வேண்டாதவன், காலனிக்கும் வேண்டாதவன், கேட்டோரம் தகரக் கொட்டகையில் தனியாய்ச் சமைத்துத் தின்பவன். அவன் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் பழனிக்குச் சொல்லிவிட்டு, தன்னைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சாட்சிக்குத் தேவையும் இருக்கவில்லை. காலையில் ஊர் லைனைத் திறந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தாங்களே சுத்தம் பண்ணிய தண்ணீரை ஒரு வாய் குடிக்க அங்கே ஆளில்லை. ஐம்பது பேருக்கு முன்னால் நடந்த சடங்கு பத்து மணிக்குள் ஒருத்தருக்கும் தெரியாததாகிவிட்டது. ராஜாங்கம் இருபது பேரோடு வந்து, காலனி ஆட்கள் தொட்டியில் எதையோ கலந்துவிட்டார்கள், ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது பொறுக்காமல் செய்த வேலை, ஸ்டேஷனுக்குப் போகப் போகிறோம் என்றார். அவர் பின்னால் பூசாரி சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேட்டி ஓரத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

பழனி இளஞ்செழியனை ஏணி மேல் ஏற்றி வேப்பிலையைக் காட்டினான். கற்பூரக் கறையைக் காட்டினான். இளஞ்செழியன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார். இறங்கி வந்து அறையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் டைப் அடித்து எடுத்தார்.

"தலைமை ஆபீஸுக்கு ஒரு காரணம் எழுதியாகணும் பழனி. நிலம் அவருது. வெளியில நெலவரம் எப்டி இருக்குதுன்னு உனக்கே தெரியும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு, முடிஞ்சிது."

கழுவும் பணியாளர்களின் கவனக்குறைவால் தொட்டியில் அசுத்தம் கலந்துவிட்டது என்று அதில் இருந்தது. போடாவிட்டால் என்ன ஆகும் என்று பழனி கேட்டான். இளஞ்செழியன் ஜன்னல் வழியாகக் கேட்டுப் பக்கம் பார்த்தார். காலனிக் குழாயை மூடச் சொல்லி ராஜாங்கம் கேட்கிறார், கையெழுத்து இருந்தால் அவரிடம் பேசி மூடாமல் பார்த்துக்கொள்வேன் என்றார், அதே நல்ல குரலில்.

பழனிக்கு அப்போது வந்தது கோபமில்லை. விடியற்காலை உதட்டில் பட்டதே, அந்த ருசி மறுபடி தொண்டைக்கு ஏறியது. கோமியமாவது மாட்டுக்குத் தெரியாமல் வருவது. இது யோசித்து, டைப் அடித்து, புள்ளி வைத்து வருகிறது. காகிதத்தைத் திருப்பி வைத்தான். ஒருத்தன் கையெழுத்தைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் நீட்டினால் ஒன்பது பேரும் உள்ளே போவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வெளியே வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மாலை குழாயில் தண்ணீர் வரவில்லை.

பழனி ஆட்கள் வராத முதல் நாள் இளஞ்செழியன் மலையிலிருந்து நாலு பேரைக் கொண்டுவந்தார். அவர்கள் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார்கள், திறந்தபடியே விட்டுவிட்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போனார்கள். இரண்டாம் நாள் ஊர்ப் பையன்களை அனுப்ப முடியுமா என்று ராஜாங்கத்தைக் கேட்டார். ராஜாங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. டிகிரி முடித்த பிள்ளைகளைக் கழுவக் கூப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எல்லா வேலையிலும் சதவீதம் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு, அந்த ஒரு வேலையை மட்டும் நூற்றுக்கு நூறு காலனிக்கே விட்டுக்கொடுக்கும் பெரிய மனசு இருந்தது.

மூன்றாம் நாள் பிளேட்டில் மஞ்சள் மேல் புழுதி படிந்து, பனி இறங்கி, சாணி மெழுகினது போல் ஆனது. கரண்டு இறங்கிக்கொண்டே போனது. மேலிடத்திலிருந்து போன் மேல் போன்.

காலனியிலும் மூன்று நாள் நல்லபடியாகப் போகவில்லை. பழைய போர்த் தண்ணீர் குடத்துக்குத் திரும்பியிருந்தது. குழாய் போனதற்குப் பழனியைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும், வயிற்றுக்குத் தண்ணீர் முக்கியமா வெட்டி வீம்பு முக்கியமா என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் பாத்திரம் தேய்க்கக் குனிந்த ரங்கம்மாள் இடுப்பில் கை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பழனி பார்ப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள்.

அன்று பத்து மணிக்கு இளஞ்செழியன் காலனிக்கு வந்தார். கம்பெனி வந்து இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு மாஸ்க்கு போட்டிருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அக்குளில் ஃபைல். பழனி நாற்காலி போட்டான். ரங்கம்மாள் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கினார், சிரித்தார், நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டார்.

"குடிங்க சார்," என்றான் பழனி. "மீட்டர் வெச்சிப் பாக்க மாட்டோம்."

அவர் கேட்காதவர் மாதிரி ஃபைலைத் திறந்தார். பிறகு பேரம் தொடங்கியது. தியாகதுருகம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அதற்குக் குறையாத பேரம். இங்கே விரலுக்குப் பதில் வார்த்தை. கவனக்குறைவு என்பதை எடுத்துவிடலாம், தெரியாமல் நடந்த தவறு என்று போடலாம் என்றார் அவர். யார் தவறு என்றான் பழனி. பணியாளர் என்று பொதுவாக இருக்கட்டும் என்றார். பணியாளர் என்ற சொல் இருந்தால் ஆள் வராது என்றான். அவர் ஒரு வார்த்தையைக் குறைக்க, இவன் குழாய் நேரத்தை அரை மணி ஏற்றினான். அவர் இன்னொரு வார்த்தையைக் குறைக்க, குழாய் கேட்டிலிருந்து நகர்ந்து தெருமுனைக்கு வந்தது. ராஜாங்கத்தின் பேரையும் பூசாரி பேரையும் எழுது என்று பழனி ஒரு தடவை சொன்னான், சந்தையில் முதல் விலை சொல்வது போல, கிடைக்காது என்று தெரிந்தே. இளஞ்செழியன் தலையைக்கூட ஆட்டவில்லை. பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.

தெரு முழுக்கத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இளஞ்செழியன் ஒரு வரியை எழுதிக் காட்டினார். அடையாளம் தெரியாத நபர்கள் தொட்டியில் அசுத்தம் கலந்துவிட்டனர்.

பழனி அதை இரண்டு தடவை படித்தான். அடையாளம் தெரியாத நபர்கள். அப்பன் பேர் தெரியும், வீட்டு நம்பர் தெரியும், எந்த வீட்டு எந்த மாடு என்பது வரைக்கும் தெரியும். அம்மாசிக்குத் தெரியும், எழுதிக்கொண்டு வந்தவருக்கும் தெரியும். அவ்வளவு பேருக்குத் தெரிந்தவர்களை ஒரு வரியில் தெரியாதவர்களாக்க இந்த மனுஷருக்கு எவ்வளவு லேசாய் வருகிறது. தன் கைக்கும் அது அதே லேசில் வந்துவிடுமோ என்று பார்க்கிறாற்போல் பேனாவை வாங்கினான்.

"கொழா இன்னிக்கே தெருமொனைக்கு வரணும் சார். ஓடி வந்தப்பறம் போடறேன்."

பிளம்பர் வர இரண்டு மணி ஆனது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து நேரே, தொட்டியில் படாமல் ஒரு லைன் இழுத்தார்கள். அதற்கும் தோண்டியது காலனி ஆட்கள்தான். மூன்றரை மணிக்குக் குழாய் துப்பித் துப்பி, காற்றை உமிழ்ந்து, சன்னமாய் ஓடத் தொடங்கியது. பெண்கள் குடத்தோடு வரிசை கட்டினார்கள். இளஞ்செழியன் ஃபைலை ஜீப்பின் பானட் மேல் விரித்துப் பிடிக்க, பழனி கையெழுத்துப் போட்டான். லேசாகத்தான் வந்தது.

கம்பெனி வண்டி போனபின் ரங்கம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். நம் ஆட்கள் மேல் ஒன்றுமில்லை, யார் செய்தார்கள் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றான். பேரம் படிந்த மனுஷனின் குரலில்தான் சொல்லப் பார்த்தான்.

ரங்கம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"யாருன்னு தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியா? நாளைக்கு போலீஸ்காரன் வந்தா, யாருன்னு தெரியாதவன எந்தத் தெருவுலய்யா தேடுவான்?"

பழனி தொண்டைக்கு ஏறிய அந்த ருசியைத் திரும்ப விழுங்கினான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் முறை வந்துவிட்டிருந்தது. முன்னால் நின்றவளை நகரச் சொல்லிவிட்டு, குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.